மகதலேனா வீட்டுக் கூடை

காணிக்கைப் பையில் வெள்ளிக் காசு வரும், சட்டைப் பித்தான் வரும், ஒருமுறை பாதி சப்பிய இருமல் மிட்டாய்கூட வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது ஒரு மொட்டைக் கடுதாசி.

ஆராதனை முடிந்து, கிள்ளான் தமிழ்ச் சபையின் பின்னறையில் கூடை ஊழியக் கமிட்டி கூடியிருந்தது. மேசையில் கறிபாப், பிளாஸ்க்கில் தேநீர். கமிட்டித் தலைவி பிரெண்டா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடுதாசியைப் பிரித்தார். தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மெதுவாக வாசித்தாலே மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

"'சி புளோக், ஒன்பதாம் மாடி, மகதலேனா வீட்டுக்குச் சபை கொடுக்கும் கூடையை ஒரு ஆம்பளை உட்கார்ந்து தின்கிறான். வாராவாரம் வருகிறான். சபை தூங்குகிறதா?' கீழ கையெழுத்து இல்ல."

அறையிலிருந்த ஆறு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். பாஸ்டர் கேவினுக்குப் புரையேறியது.

"விட்டுருவோமே சிஸ்டர்," என்றார் பாஸ்டர், இருமலுக்கு நடுவே. "பேர் போட தைரியம் இல்லாத லெட்டர். யாருக்காச்சும் பொறாமையா இருக்கும்."

பாஸ்டர் கேவினுக்கு முப்பத்து மூன்று வயது. நான்காம் வகுப்பில் பிரெண்டாவிடம் பிரம்படி வாங்கியவர். மேடையில் சிங்கம்; பிரெண்டா எதிரே மட்டும் இன்னும் நான்காம் வகுப்புத்தான்.

"எப்படி விடுறது பாஸ்டர்?" என்று எழுந்து நின்றார் திமோத்தி.

திமோத்தி துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கஸ்டம்ஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடத்தில் எந்த வியாபாரியிடமும் ஒரு கிளாஸ் கோப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை என்பது அவருடைய பெருமை. அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெருமை வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மனைவி இறந்தபோது, சபைப் பெண்கள் அடுக்குச் சட்டியில் சாப்பாடு கொண்டுபோனார்கள். "நான் என்ன அனாதையா?" என்று கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வாசலை யாரும் சட்டியோடு மிதித்ததில்லை.

"இரக்கம் வேற, ஏமாந்து போறது வேற," என்றார் திமோத்தி. "இந்தக் கூடைக்குக் கொடுக்கிறவங்க யாரு? ஃபேக்டரிக்குப் போற பிள்ளைங்க. பென்ஷன் வாங்குற கிழடுங்க. அவங்க வயித்தைக் கட்டிக் கொடுக்கிறதை எவனோ ஒருத்தன் காலை ஆட்டிக்கிட்டுத் தின்னுட்டுப் போவான், நாம கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணணுமா?"

"கரெக்ட்," என்றார் பிரெண்டா. "நம்ம ரூல் ஒண்ணுதான். யாருக்குன்னு கூடை கொடுக்கிறோமோ அவங்கதான் சாப்பிடணும். அப்படி நடக்கலேன்னா பேரை வெட்டணும். இருபது குடும்பம் லிஸ்ட்டுக்கு வெளிய காத்துக்கிட்டு இருக்கு."

"விசாரணையை என்கிட்ட விடுங்க. அந்த வீட்டுக்குக் கூடை கொண்டு போறதே நான்தானே."

"ஐயோ, நீங்க வேணாமே பிரதர்!" என்று பாஸ்டர் பாதி எழுந்துவிட்டார். "ஒம்பது மாடி தூக்குறதே பெரிய ஊழியம். விசாரணை எல்லாம் வேற யாராச்சும்..."

"பாஸ்டர், கண்டெய்னருக்குள்ள சுவர் வச்சு ஒளிச்சதையே கண்டுபிடிச்சவன் நான். ஒரு ஃபிளாட்டுக்குள்ள ஒரு ஆம்பளையக் கண்டுபிடிக்க மாட்டேனா?"

பாஸ்டர் இன்னொரு கறிபாப்பை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார்.

சபையின் கூடை பன்னிரண்டு குடும்பங்களுக்குப் போகிறது. ஐந்து கிலோ அரிசி, சார்டின் டின், எண்ணெய், மைலோ, பிஸ்கட். மற்றவர்கள் சனிக்கிழமை காலையில் சபைக்கே வந்து வாங்கிக்கொள்வார்கள். மகதலேனா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறவள். சனிக்கிழமையும் அரைநாள் வேலை. அதனால் அவளுடைய கூடையை மட்டும் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும்படி மூன்று மாதத்துக்கு முன் பாஸ்டர் திமோத்தியிடம் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை பிற்பகல் திமோத்தி கூடையோடு சி புளோக்குக்குப் போனார். லிஃப்ட்டில் 'ரோசாக்' என்று ஓர் அட்டை தொங்கியது. லிஃப்ட் பழுதாகி நாலு மாதம் ஆகிறது. அட்டை மட்டும் புதுசாக மாறிக்கொண்டே இருக்கும். ஒன்பது மாடி ஏறி, கதவைத் தட்டி, கூடையை இறக்கி வைத்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை.

"வாங்க அங்கிள். கையைக் கழுவுங்க," என்றாள் மகதலேனா.

"வேணாம்மா. இப்பத்தான் சாப்பிட்டேன்."

இது வாராவாரம் நடப்பதுதான். அவள் கையைக் கழுவச் சொல்வாள், இவர் வேண்டாம் என்பார், இவர் சொல்லி முடிப்பதற்குள் தட்டு வந்துவிடும். இல்லாதவர்கள் வீட்டில் கொடுத்ததை மறுத்தால் அவர்கள் மனசு புண்படும் என்பது திமோத்தியின் கொள்கை. மகதலேனாவின் மனசு புண்படக்கூடாது என்பதற்காக அவர் சில வாரங்களில் மூன்று தடவைகூடச் சோறு போட்டுக்கொண்டதுண்டு.

அன்றைக்குச் சார்டின் சம்பல், பயற்றங்காய்ப் பொரியல், ரசம். திமோத்தி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, இடது கையால் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"ஒண்ணு கேட்பேன், உண்மையைச் சொல்லணும். உன் புருஷன் டொமினிக் இங்க வந்து போறானா?"

டொமினிக் எட்டு வருடத்துக்கு முன் லோரி எடுத்துக்கொண்டு ஜொகூருக்குப் போனவன். லோரி மட்டும் திரும்பி வந்தது.

"அந்த ஆளா? வந்தா செருப்பு பிஞ்சிரும் அங்கிள்."

"அப்ப வேற யாரு? ஒரு ஆம்பளை இந்த வீட்டுல உட்கார்ந்து கூடைச் சாமானைச் சாப்பிடுறதா கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு."

மகதலேனாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம் அவளுக்கு. அது சிவந்தது.

"சாப்பிட... வர்றாங்கதான் அங்கிள்."

"யாரு?"

"எப்படிச் சொல்றது... நல்ல மனுஷன். விட்டுருங்களேன்."

"நல்ல மனுஷனா? எவ்வளவு சாப்பிடுவான்?"

"ரெண்டு தட்டு. சம்பல் வச்சா மூணு."

"மூணா!" திமோத்தி நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். "ஒரு நாளாவது ஒரு சாமான் வாங்கிட்டு வந்திருப்பானா?"

"வெறுங்கையோட வர மாட்டாங்க..."

"என்னத்தைக் கொண்டு வந்து கிழிச்சான்? ஒரு பொம்பளை உழைச்சு ஆக்கி வச்சதை மூணு தட்டு திங்கிறவனுக்கு வெட்கம்னு ஒண்ணு வேணாம்? என் கண்ணுல படட்டும், சட்டையைப் பிடிச்சுக் கேட்கிறேன். அந்தச் சம்பல் இன்னும் கொஞ்சம் வைம்மா."

மகதலேனா சம்பலை வைத்தாள். சிரிப்பு வந்ததோ அழுகை வந்ததோ, வேகமாக அடுப்படிக்குள் போய்விட்டாள். பயந்துவிட்டாள், எவனோ மிரட்டி வைத்திருக்கிறான் என்று திமோத்தி முடிவு செய்தார். அவள் பேரை வெட்ட விடக்கூடாது, ஆளைப் பிடித்து விரட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்று அவர் மனசு இளகியது.

ஆளைப் பிடிக்க, செவ்வாய்க்கிழமை சி புளோக்குக்கு எதிரே இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தார். முகத்துக்கு முன்னால் தமிழ்ப் பேப்பர். மூன்று தே தாரிக், இரண்டு ரோட்டி சானாய், நான்கு மணி நேரம். கடைசியில் ஓர் ஆம்பளை, தோளில் கேஸ் சிலிண்டர் தோங்கோடு படியேறி, ஒன்பதாம் மாடியில் மகதலேனா வீட்டுக்குள் நுழைந்தான். பத்து நிமிடத்தில் வாயைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தான்.

திமோத்தி பேப்பரை மடித்துவிட்டுக் குறுக்கே போய் நின்றார்.

"தம்பி, மேல என்ன சாப்பிட்ட?"

"என்ன அங்கிள்?" என்றான் அவன். சட்டையில் 'வாசு' என்று தைத்திருந்தது.

"வாயைத் தொடச்சியே. ஒம்பதாவது மாடியில என்ன சாப்பிட்ட?"

"தண்ணி குடிச்சேன். அக்கா கொடுத்தாங்க."

"கையைக் காட்டு." திமோத்தி அவன் விரல்களைப் பிடித்து மோந்து பார்த்தார். சார்டின் வாடை கண்டுபிடிக்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

வாசு கையை உதறினான். "என்ன பாஸ் இது! லிஃப்ட் இல்லாத புளோக்குல ஒம்பது மாடி தோங் தூக்குறேன். ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சா திருட்டுப் பயலா நான்? போதும் லா. இனிமே இந்த புளோக்குக்கு எவனும் தோங் கொண்டு வர மாட்டான். நானும் வர மாட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. மறுபடி ஒன்பது மாடி ஏறி, மகதலேனாவிடம் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாட்டிய தோங்கைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான். கோபம் வந்தால் மனுஷனுக்கு மாடிக் கணக்கெல்லாம் தெரியாது.

அன்று மாலை மகதலேனா வீட்டில் அடுப்பு எரியவில்லை. செய்தி தெரிந்ததும் திமோத்திக்குப் பக்கென்று ஆயிற்று. உதவி செய்யப் போன வீட்டின் அடுப்பையே அணைத்துவிட்டு வந்திருக்கிறோமே என்று இரவெல்லாம் புரண்டார். விடிந்ததும் வழி தெரிந்தது. அவர் வீட்டுச் சமையலறையில் ஒரு தோங் கனம் குறையாமல் கிடந்தது. மனைவி இருந்தபோது கடைசியாக மாற்றியது. மெகி மீ நூடுல்ஸும் கோப்பியும் மட்டும் கொதிக்கிற அடுப்பில் கேஸ் எங்கே தீரப் போகிறது?

புதன்கிழமை அந்தத் தோங்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒன்பது மாடி ஏறினார். அறுபத்து மூன்று வயது. ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து, "ஆண்டவரே" என்றார். ஒவ்வொரு மாடியிலும் இரண்டு கதவாவது திறந்து பார்த்தது.

ஒன்பதாம் மாடியில், மகதலேனாவின் பக்கத்து வீட்டு வீரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த புளோக்கில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் தெரிந்தவள்.

"என்ன அண்ணே, தோங்கையும் கொண்டாந்துட்டீங்க. சட்டி பானை எப்ப வருது?"

"அவங்க... வீட்டு அடுப்பு... எரியணுமில்ல..." என்றார் திமோத்தி, மூச்சு வாங்க.

"எரியட்டும், எரியட்டும்," என்று வீரம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் திமோத்திக்கு விளங்கவில்லை. தோங்கை மாட்டிக் கொடுத்தார், அடுப்பு எரிந்தது, மீன்குழம்பு கொதித்தது. கையைக் கழுவச் சொன்னாள், கழுவினார்.

அடுத்த ஞாயிறு காணிக்கைப் பையில் இரண்டாவது கடுதாசி வந்தது.

"'மகதலேனா வீட்டில் தின்கிற ஆம்பளையைப் பற்றி எழுதியும் சபை ஒன்றும் செய்யவில்லை,'" என்று பிரெண்டா வாசித்தார். "'புதன்கிழமை அவன் தன்னுடைய கேஸ் தோங்கையும் தூக்கிக்கொண்டு வந்து குடியே ஏறிவிட்டான். ஊரே பார்த்தது.'"

கமிட்டியில் ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

திமோத்தி முதலில் எல்லாரையும்போலத்தான் அதிர்ந்தார். குடியேறிவிட்டானா! புதன்கிழமையா? புதன்கிழமை நான் அங்கேதானே இருந்தேன், தோங் கொண்டுபோனேனே, எவனையும் பார்க்கவில்லையே என்று யோசித்துக்கொண்டே போனவர், தோங்கில் வந்து நின்றார். ரெண்டு தட்டு. சம்பல் வைத்தால் மூணு. வெறுங்கையோடு வர மாட்டாங்க. அவருக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது.

முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கிளாஸ் கோப்பி வாங்காதவன், மூன்று மாதமாக ஏழைகளின் சாமானை, அதுவும் மூன்று மூன்று தட்டாக!

"இதை... விட்டுருவோம்," என்றார்.

"என்ன பிரதர்?"

"சின்ன விஷயம் சிஸ்டர். கையெழுத்து இல்லாத லெட்டர். நாம இரக்கமா இருக்கணும்."

"ஆமா, ஆமா, இரக்கம்தான் முக்கியம்!" என்று பாஸ்டர் கேவின் பாய்ந்து ஆமோதித்தார்.

பிரெண்டா கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். "ரெண்டு வாரத்துக்கு முன்ன நீங்கதானே சொன்னீங்க, இரக்கம் வேற, ஏமாந்து போறது வேறன்னு? ரெண்டு வாரத்துல ரெண்டும் ஒண்ணாயிருச்சா? விசாரணை உங்களால ஆகல. வர்ற சனிக்கிழமை நானே போறேன். பேரேட்டையும் கையோட எடுத்துட்டுப் போறேன். நடந்தது உண்மைன்னா அங்கேயே வெட்டிடுவேன்."

அந்த வாரம் முழுக்கத் திமோத்திக்குத் தூக்கமில்லை. தன் வாயால் ஒரு பெண்ணின் பேர் வெட்டுப்படப் போகிறது. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் சொல்ல நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் கஸ்டம்ஸ் மூளை வேறு வழி சொல்லிக் கொடுத்தது. தின்ற சரக்கைத் திருப்பி வைத்துவிட்டால்? பிரெண்டா வந்து அலமாரியைத் திறக்கும்போது கூடைச் சாமான் அத்தனையும் இருந்தால், எந்த ஆம்பளை தின்றான் என்று யார் நிரூபிக்க முடியும்?

இத்தனை வருடம் கடத்தல்காரர்களைப் பிடித்தவர், சனிக்கிழமை காலை ஒரு சீனன் கடையில் கடத்தலுக்குச் சரக்கு வாங்கினார். மூன்று மாதத்தில் தான் எவ்வளவு தின்றிருப்போம் என்று மனசாட்சியைக் கேட்டார். மனசாட்சி தாராளமாகச் சொன்னது. முப்பத்தாறு சார்டின் டின். எட்டு மைலோ. அரிசி, எண்ணெய். மகதலேனா வேலையிலிருந்து வந்த பிறகு ஒன்பது மாடியை நான்கு நடை ஏறி இறங்கினார்.

"என்ன அங்கிள் இதெல்லாம்?" என்றாள் மகதலேனா.

"கேட்காதம்மா. அலமாரியைத் திற."

"சாப்பிட்டுட்டு..."

"இன்னைக்கு நான் சாப்பிட மாட்டேன்!"

அவர் போட்ட சத்தத்தில் மகதலேனாவின் முகம் வாடிவிட்டது. "காலையிலேயே எழுந்து ஆட்டுக்கறி வச்சேனே," என்றாள். "ருசி பிடிக்கலையா அங்கிள்? உடம்பு சரியில்லையா?"

ஆட்டுக்கறி வாசனை வீடு முழுக்க நின்றது. திமோத்தி மூச்சை அடக்கிக்கொண்டு டின்களை அலமாரியில் அடுக்கினார். அலமாரி நிறைந்தது. அடுப்புக்குக் கீழே அடுக்கினார். மிச்சத்தை அலமாரிக்குள்ளேயே திணித்துக் கதவைத் தோளால் முட்டி மூடினார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

பிரெண்டா பேரேட்டை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றார். ஒன்பது மாடி ஏறியதில் இரண்டு நிமிடம் பேச முடியவில்லை. மகதலேனா நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, விசிறியைத் திருப்பி வைத்தாள். பின்னாலேயே வீரம்மா, அவளை யாரும் கூப்பிடாமலே, வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"பிரதர், நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"கூடை... கொண்டாந்தேன் சிஸ்டர்."

"சரி. கூடைச் சாமான் எங்க இருக்கு, காட்டுங்க."

பிரெண்டா நேராகப் போய் அலமாரியின் கைப்பிடியைப் பிடித்தார். "மெதுவா..." என்று திமோத்தி சொல்வதற்குள் கதவு திறந்துவிட்டது. சார்டின் டின்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து உருண்டன. ஒன்று வீரம்மாவைத் தாண்டி, நடைபாதை வழியே போய், படிக்கட்டில் இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"இது வீடா, மொத்த வியாபாரக் கடையா?" என்றார் பிரெண்டா. "வெளிய இருபது குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு. இங்க திங்க ஆளில்லாம டின் உருளுது. ஆட்டுக்கறி வேற கொதிக்குது." பேரேட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார்.

திமோத்திக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை.

"வெட்டாதீங்க சிஸ்டர்! அந்த ஆம்பளை நான்தான்."

பேனா நின்றது.

"மூணு மாசமா கூடையைக் கொண்டாந்து வச்சுட்டு, நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். லெட்டர்ல எழுதினது அத்தனையும் உண்மை. தோங்கும் என் தோங்தான். இந்த டின் எல்லாம் இன்னைக்கு நான் வாங்கிட்டு வந்து திணிச்சது. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"பிரதர்... நீங்களா?"

"அவங்க கையைக் கழுவுங்கன்னு சொன்னாங்க சிஸ்டர்," என்றார் திமோத்தி. "என் மகள் ஷாமினி சுபாங் ஜெயாவுல இருந்து தினமும் போன்ல கேட்பா, சாப்பிட்டீங்களாப்பான்னு. சாப்பிட்டேன்னு சொல்லிருவேன். போன்ல தட்டு தெரியாதில்ல. இங்க தட்டைப் போட்டுட்டு எதிர்ல உட்கார்ந்து பேசினாங்க. எனக்கு எழுந்து போகத் தோணல. கமிட்டியில இருந்து என்னைத் தூக்கிருங்க. சபையில எல்லாரும் கேட்க மன்னிப்புக் கேட்கிறேன். இவங்க பேரை மட்டும் வெட்டாதீங்க."

பிரெண்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கல்நெஞ்சக்காரி இல்லை. பள்ளியில் பிரம்பெடுத்த அதே கையால், காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தவர்தான்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு பிரதர்," என்றார் மெதுவாக. "ஆனா நமக்குத் தெரிஞ்சவங்கன்னு இன்னைக்கு ரூலை வளைச்சா, தெரியாத இருபது குடும்பத்துக்கு நாளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? கூடை யாருக்குன்னு கொடுத்தோமோ அவங்க சாப்பிடல. வேற ஒருத்தர் சாப்பிட்டிருக்கார். அவ்வளவுதான்."

மகதலேனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தலை குனிந்து நின்ற திமோத்தியைப் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"பரவால்ல டீச்சர். என் பேரை வெட்டிருங்க," என்றாள். "அங்கிளை ஒண்ணும் சொல்லாதீங்க. அவரு வழக்கம்போல சனிக்கிழமை வரட்டும், அது போதும் எனக்கு."

பிரெண்டாவின் பேனா பேரேட்டில் இறங்கியது.

கதவு நிலையில் சாய்ந்திருந்த வீரம்மாவுக்கு அதற்குமேல் வாய் நிற்கவில்லை.

"நிறுத்துங்க டீச்சர், கேன்டீன்ல கைநிறையச் சம்பாதிக்கிற மகதலேனாவுக்கு எவன் கூடை கொடுத்தான்? பொண்டாட்டி போனதுல இருந்து மெகியே கதின்னு கிடக்கிற இந்த அண்ணன் நேரா நீட்டினா வாங்க மாட்டாருன்னு, உங்க பாஸ்டர்தான் அவரு கூடையை அவரு தலையிலேயே ஏத்தி இங்க அனுப்பி வைக்கிறாரு!"